பெயர் எழுதாத நானூறு பேர்

அந்தக் கோயிலைச் சாகடித்தவர்கள் நாங்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிப் பூசைக்கு வந்து, இடம் போதாமல் சுவரோடு நின்று, கூரை அதிரப் பாடிவிட்டு, நாலு மணிக்கு முன் காரை எடுத்துக்கொண்டு போன நாங்கள். கனடாக்காரருக்குப் பக்தி விட்டுப்போயிற்று, ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கச் சட்டம் போட்டுவிட்டார்கள், அதனால்தான் கோயில்கள் ஒவ்வொன்றாய்ப் பூட்டப்படுகின்றன என்று எங்கள் ஆட்கள் சொல்வதை நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பாய். நானும் சொல்லியிருக்கிறேன். மற்றக் கோயில்களைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் கோயில் விஷயத்தில் அது பொய்.

உன் கலியாணக் காகிதம் செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. றிச்மண்ட் ஹில்லில் மண்டபம், பதிவு மட்டும், சமயச் சடங்கு எதுவும் இல்லை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தாய். நான் வருவேன். நீலச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். அதை மாற்றச் சொல்லி இந்தக் கடிதம் இல்லை. மார்க் நல்ல பெடியன். போன மாதம் எங்கள் குளியலறைக் குழாயைத் திருத்தித் தந்துவிட்டு, அரை மணித்தியாலம் இருந்து உன் அப்பாவிடம் தமிழில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணப் பழகிக்கொண்டு போனான். உன்னிடம் நான் கேட்கப்போவது வேறொன்று. அதைக் கேட்பதற்கு முன் நான் செய்தவற்றைச் சொல்லவேண்டும். உனக்குத் தபாலில் போடுகிற இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கோயில் சஞ்சிகைக்கும் கொடுக்கிறேன். உனக்கு மட்டும் எழுதினால் எனக்கு வசதியான இடங்களில் குரலைத் தாழ்த்திவிடுவேன். சஞ்சிகைக்கு ஆசிரியர் ஜோசப் அண்ணை. தமிழ்ப் பூசைக் கமிட்டியின் தலைவரும் அவர்தான். வாசித்துவிட்டுப் போடுவாரோ தெரியாது.

போன ஞாயிறு பங்குக் குருவானவர் எங்கள் பூசைக்கு வந்தார். அந்த உயரமான ஐரிஷ்காரக் கிழவர், உனக்கு ஞாபகம் இருக்கும். நத்தார்ப் பண்டிகையைத் தவிர எங்கள் பக்கம் தலைகாட்டாதவர். பீடத்துக்குக் கீழே நின்று ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொல்ல, எங்கள் தமிழ்ச் சுவாமி அதைத் தமிழில் சொன்னார். இந்தக் கோயில் பங்கைப் பக்கத்துக் கோயில் பங்கோடு சேர்க்கப்போகிறார்களாம். இலையுதிர்காலத்துக்கு முன் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்களாம். காரணம், ஆட்கள் இல்லை. பங்குப் பதிவேட்டில் எண்பத்தொரு பெயர்கள். அதிலும் சிலர் செத்துப்போனார்கள் என்று கிழவரே சொன்னார். நானூறு பேர் இருந்தும் நின்றும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குப் பின்னால் யாரோ, "எண்பத்தொண்டோ? உந்த முன் வாங்குகளுக்கையே எண்பது பேர் இருக்கினமே" என்றார். சிரிப்பு எழும்பியது. கிழவர் அது அடங்கும்வரை நின்றார். "நீங்கள் இருப்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. பேப்பரில் இல்லை. ஆயருக்கு முன்னால் நான் கண்ணைக் கழற்றி மேசையில் வைக்க முடியாது" என்றார். பின்கதவு மேசையில் பதிவு அட்டைகள் இருப்பதாகவும், மாதக் கடைசி ஞாயிறுக்குள் நிரப்பிக் கொடுத்தால் தானே அவற்றை ஆயரிடம் கொண்டுபோவதாகவும் சொன்னார். "அதற்குப் பிறகும் பூட்டலாம். ஆனால் ஆட்கள் இல்லை என்று சொல்லிப் பூட்ட முடியாது."

அந்த அட்டை உனக்குத் தெரியும். பச்சை நிறம், குடும்பத் தலைவர் பெயர், விலாசம், ரெலிபோன், பிள்ளைகளின் பெயர்கள். ஊரில் ஒரு கோயிலடியில் பிறந்தால் அந்தக் கோயில்தான் உன் கோயில். எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. இங்கே நான் இந்தப் பங்கு ஆள் என்று நீயாகச் சொல்லவேண்டும். அதை எங்களுக்குச் சொல்லித் தந்தவள் ஐரீன். ஞாயிறு காலை ஆங்கிலப் பூசை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், ஒரு பிளாஸ்க் தேநீரோடு பின்கதவு மேசையில் இருந்து, இரண்டு மணிக்கு நாங்கள் வரும்போது கதவைப் பிடிப்பாளே, அந்த நீலக் கோட்டுக்காரி. அப்போது நாங்கள் வந்து ஐந்து வருடம். உனக்குப் பதினாலு வயது, உறுதிபூசுதல் சடங்குக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாய். அவள் உன்னிடம் ஓர் அட்டையைத் தந்தாள். நீ அந்த மேசையிலேயே குனிந்து நின்று எல்லாவற்றையும் நிரப்பினாய். என் பெயர், அப்பாவின் பெயர், உன் பெயர், வோபர்னில் நாங்கள் இருந்த அப்பாட்மென்டின் இலக்கம். பெட்டிக்குள் போட்டாய். நான் பெட்டிக்குள் கையை விட்டு, அதை எடுத்து, நாலாகக் கிழித்து, துண்டுகளை என் கைப்பைக்குள் வைத்தேன். ஐரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்சில் நீ கேட்டாய்: "அம்மா, எங்கட பெயரை எழுதினா என்ன?" நான் சொன்னேன்: "வாயை மூடிக்கொண்டு வா." அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஐரீன் என்னை நிறுத்தி, தான் ஏதும் பிழை விட்டுவிட்டாளா என்று கேட்டாள். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நாங்கள் இங்கே விருந்தாளிகள் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஐந்து வருடமாகவா? என் வீட்டு விருந்தாளிகள் இரண்டாம் நாளே கோப்பை கழுவத் தொடங்கிவிடுவார்கள்" என்றாள். கோபத்தோடு சொல்லவில்லை. நான்தான் கோபப்பட்டேன்.

உன் சின்ன மாமாவைப் பற்றி உனக்குச் சொன்னதெல்லாம், சண்டைக்குள் காணாமல் போனான் என்பதுதான். எப்படி என்று சொல்கிறேன். ஷெல் விழுந்த கிழமை ஊர் முழுக்கக் கோயிலுக்குள் இருந்தது. உனக்கு எட்டு வயது, பீடத்துப் படியில் படுத்து நித்திரை கொண்டது ஞாபகம் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். அரிசி, பருப்புப் பங்கிடுவதற்காகச் சுவாமி ஒரு கொப்பியை என்னிடம் தந்து, "உம்மட கையெழுத்து வடிவு, நீர் எழுதும்" என்றார். குடும்பம் குடும்பமாக, பெயரும் வயதும் எழுதினேன். ஒழுங்காகக் கோடு போட்டு எழுதினேன். மூன்றாம் நாள் துவக்கோடு வந்தவர்கள் அந்தக் கொப்பியைக் கேட்டார்கள். எந்தத் துவக்கு என்று இங்கே எழுதவில்லை; எழுதினால் வாசிக்கிறவர்கள் அதை மட்டும்தான் கதைப்பார்கள். சுவாமி மறுத்தார். அவரைத் தள்ளிவிட்டு அலுமாரியிலிருந்து எடுத்தார்கள். பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுவரை இருந்த ஆண்களின் பெயர்களை வாசித்தார்கள். கையெழுத்து வடிவாக இருந்தபடியால் ஓரிடத்திலும் தடக்கவில்லை. உன் மாமாவுக்கு நான் பத்தொன்பது என்று எழுதியிருந்தேன். பதினைந்து என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பார்கள், அவ்வளவு ஒல்லி. அவன் எழும்பி, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனான். என்னைத் திரும்பிப் பார்த்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் அட்டை ஏன் கிழிந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் இதோடு கதையை முடித்தால் நான் நல்லவளாகிவிடுவேன். அப்படி முடிக்கக்கூடாது. பெயர் எழுதப் பயந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை. அந்த நானூறு பேரில் பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு பட்டியல் இருந்தது. மற்றப் பாதிக்கு அகதி வழக்கு முடியாமல் இருந்தது. அந்தப் பயம் நியாயமானது. அதற்கு இரண்டு வருடம், மூன்று வருடம் கொடுக்கலாம். நான் எட்டு வருடம் எடுத்தேன். தமிழ்ப் பூசையில் அறிவித்தல் வாசிக்கிறவள் நான். ஒவ்வொரு இலையுதிர்காலமும் பங்குக் குருவானவர் ஒரு துண்டு அனுப்புவார்: பதிவு அட்டைகளைத் தயவுசெய்து நிரப்புங்கள், நீங்களும் இந்தப் பங்கின் மக்கள். நான் அதைத் தமிழில் வாசிக்காமல் விட்டுவிட்டு, நவநாள் எப்போது, ஒன்றுகூடலுக்கு ரோல்ஸ் கொண்டுவருவது யார் என்று வாசிப்பேன். எட்டு முறை. ஆட்களுக்குப் பயம் என்று சொல்லி நான் அவர்களைக் கேட்கவே இல்லை. பயம் எப்போதோ போய்விட்டது. அது இருந்த இடத்தில் வசதி வந்து இருந்துவிட்டது. விருந்தாளிக்குப் படிக்கட்டில் பனி வழிக்கும் வேலை இல்லை. கூரை ஒழுகினால் அது வேறு யாருடைய கூரையோ. காலைப் பூசைக்கு வருகிற பதினைந்து கிழடுகள் செத்தாலும் எங்களுக்குச் செத்தவீடு இல்லை.

நீ அதைப் பொறுக்கவில்லை. பதினேழு வயதில் இளையோர் சார்பாகக் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தாய். நிலக்கீழ் மண்டபத்தில் ஜோசப் அண்ணை பெரிய வியாழனுக்கு, ஆண்டவர் சீடரின் காலைக் கழுவிய நினைவாக, கால் கழுவ இருத்துகிற பன்னிரண்டு பேரைத் தெரிவுசெய்துகொண்டிருந்தார். ஊருக்கு ஒருத்தர், சண்டை வராமல். கால் கழுவுகிற சடங்கிலேயே யாருடைய கால் முதலாவது என்று போன வருடம் சண்டை வந்திருந்தது. நீ எழும்பி, "அங்கிள், ஒரு ஆள் ஐரீனா இருக்கட்டும். காலமைப் பூசை ஆக்களையும் கூப்பிட்டு அண்டைக்கு எல்லாரும் ஒண்டா வைப்பம்" என்றாய். ஜோசப் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, முதல்ல அது ஆம்பிளையள் இருக்கிற இடம். ரெண்டாவது, வெள்ளைக்காரியின்ர காலைக் கழுவவோ நாங்கள் பிளேன் ஏறி வந்தனாங்கள்?"

"ஏன் அண்ணை, தாயைக் கேளுங்கோ" என்று ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். "அவ மோர்னிங்சைட்டில நாளாந்தம் உதைத்தானே செய்யிறா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேர்சிங் ஹோமில் எட்டு மணித்தியாலம் வயோதிபரைக் குளிப்பாட்டிவிட்டு, உடுப்பு மாற்றாமல் நேரே அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தேன். அவர்கள் என் வேலையைப் பகிடி பண்ணினார்கள், நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். நீ அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். அதுதான் நீ கடைசியாக அந்தப் படிகளில் இறங்கிய நாள். ஆட்கள் கேட்டபோது, "படிப்பு, அதுதான் வாறேல்லை" என்றேன். கனடா உன்னைக் கெடுத்துவிட்டது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். நான் மறுக்கவில்லை, எனக்கும் அது லேசாக இருந்தது. கனடா உன்னை ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சடங்குக்கு என்ன அர்த்தமோ அதைச் செய்வோம் என்று கேட்டவள் அந்த அறையில் நீ ஒருத்திதான். அதைக் கேட்டதற்காகத்தான் நீ வெளியே போகவேண்டியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஐரீன் எங்கள் நேர்சிங் ஹோமுக்கு வந்தாள். என் மாடி. இடுப்பு எலும்பு உடைந்த பிறகு தனியே இருக்க முடியவில்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரு சிறு அட்டை இருக்கும்: என்ன சாப்பாடு, காது கேட்குமா, எந்தச் சமயம். அவளுடைய அட்டையில் சமயத்துக்கு நேரே ஒன்றும் இல்லை. படிவத்தை நிரப்பியவன் மகன், வீடு வித்துக் கொடுக்கிற தொழில், ஞாயிறுதான் அவனுக்குப் பெரிய வேலைநாள். வெள்ளிக்கிழமைகளில் குருவானவர் நன்மை அப்பம் கொடுக்க வருவார். பக்கத்து அறைக்குப் போவார், இவளுடைய கதவைக் கடந்து போய்விடுவார். மூன்றாம் கிழமை அவள் என்னிடம், "நான் ஏதும் செய்துவிட்டேனா?" என்று கேட்டாள். அதே கேள்வி. தாதியிடம் சொன்னேன். கோப்பில் இல்லை, குடும்பம் கையெழுத்துப் போடவேண்டும் என்றாள். நாங்கள் குடும்பத்தவரை நேரே அழைக்கக்கூடாது. தேநீர் இடைவேளையில் கீழே போய் அவனுக்குப் போன் எடுத்தேன்.

அவன் நாகரிகமாகக் கதைத்தான். "அம்மா இன்னும் அதெல்லாம் செய்கிறாரா?" என்று ஆச்சரியப்பட்டான். பத்து நாள் கழித்து வந்தான், ஒரு பெட்டி டோனட் கொண்டுவந்தான், நின்ற நிலையில் கையெழுத்துப் போட்டான், தாயின் நெற்றியில் கொஞ்சினான், போனான். அவனிடம் ஒரு வெறுப்பும் இல்லை. நான் எதிர்பார்த்திருந்தது வெறுப்பை. கோயிலை எதிர்க்கிறவனைக் கண்டால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும். ஊரில் அதற்குப் பழக்கம் இருந்தது, கதவைப் பூட்டிக்கொண்டு சத்தமாகச் செபமாலை சொல்வோம். இங்கே கதவை யாரும் உடைக்கவில்லை. அவர்கள் இந்தப் பக்கம் வருவதை மறந்துபோனார்கள், அவ்வளவுதான். ஐரீன் ஐந்து பிள்ளைகளை அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்த்தவள். ஒருத்தரும் வருவதில்லை. "நல்ல பிள்ளைகள்" என்கிறாள். "அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்படுகிறது. நான் என்ன செய்ய, அவர்களோடு சண்டை பிடிக்கவா?" சண்டை பிடிக்கவில்லை. அவர்கள் வராத இருபது வருடமும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வேறு யாருடைய பிள்ளைகளுக்கோ.

இதை யோசித்துக்கொண்டு நான் பல நாள் பஸ்சில் போயிருக்கிறேன். இந்த நகரத்துக்குக் கோயில் தேவையில்லை. அது திரும்ப வரும் என்று சொல்கிறவர்களை நான் நம்பவில்லை. அப்படியானால் இருக்கிற கொஞ்சப் பேரும் என்ன செய்வது? எங்கள் கமிட்டியிடம் கேட்டால், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டுப் படிப்பிக்கவேண்டும், பெரிய மாதா சுருவம் ஒன்று ஊரிலிருந்து இறக்கவேண்டும், பெருநாளுக்கு மூன்று சோடி மேளம் பிடிக்கவேண்டும் என்பார்கள். எங்களுடைய விசுவாசம் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்தோம், ஏனென்றால் எங்கள் பூசையில் இடம் இல்லை. ஆட்கள் வந்தது தமிழ் கேட்க. ஊராட்களைப் பார்க்க, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க, புதிதாக வந்தவனுக்கு வேலை விசாரிக்க. அதில் ஒன்றும் பாவம் இல்லை, நானும் அதற்குத்தான் பாதி வந்தேன். ஆனால் அது இன்னும் பத்து வருடம்தான் ஓடும். உன்னோடு உறுதிபூசுதல் எடுத்த இருபத்தாறு பேரில் இப்போது நாலு பேர் வருகிறார்கள். ஐரீனுடைய பிள்ளைகள் போன வழியிலேதான் எங்கள் பிள்ளைகளும் போகிறார்கள், கொஞ்சம் பிந்திப் புறப்பட்டார்கள். இந்த ஊரில் கோயில் உண்மையாக இருக்கவேண்டுமென்றால் பெருசாக ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்று எனக்குப் படுகிறது. இருக்கிறவர்கள் நாங்கள் இருக்கிறோம் என்று பெயர் எழுதவேண்டும். பக்கத்தில் இருக்கிற கிழவியின் காலைக் கழுவவேண்டும், சம்பளம் இல்லாமலும். அதற்கு மேல் ஏதும் இருந்தால் சுவாமிமார் சொல்லட்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் ஜோசப் அண்ணை அவசரக் கூட்டம் வைத்தார். பயந்துபோயிருந்தார். அவரை நான் கெட்ட மனிதராகச் சொல்லவில்லை. ஊரில் அவருடைய கோயிலுக்குக் கூரை இல்லை. இங்கே ஒன்று போவதை அவரால் தாங்க முடியாது. பச்சை அட்டைகளைக் கட்டுக்கட்டாக மேசையில் வைத்தார். பக்கத்தில் ஊர்ச் சங்கங்களின் அங்கத்தவர் பட்டியல்கள்.

"நானூறு காணாது. ஆயிரம் எழுதுவம். மொன்றியலில இருக்கிற எங்கட பிள்ளையள், வன்கூவரில இருக்கிறவை, எல்லாற்ற பெயரையும் போடுங்கோ. வந்து போன சைவ ஆக்களையும் போடலாம், நல்ல சனம், ஒண்டும் சொல்லாதுகள். ஆர் வந்து எண்ணப்போறான்?" பிறகு என் பக்கம் திரும்பிப் பேனாவை நீட்டினார். "தங்கச்சி, உம்மட கையெழுத்து வடிவு. நீர் எழுதும்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. யாருக்கும் நான் சொல்லியதில்லை. பேனாவை வாங்காமல் இருந்தேன். "வராத ஆக்களை நான் எழுதமாட்டன் அண்ணை" என்றேன்.

"அப்ப கோயிலைப் பூட்டட்டும் எண்டுறீரோ?"

"வாற ஆக்களைக் கேட்டு எழுதுவம். அவை எழுதினாக் காணும். காணாட்டிப் பூட்டட்டும்."

"உம்மட மகளையாவது போடுமன். ஒரு பெயர்தானே."

"அவள் அஞ்சு வருசமா வாறேல்லை."

"அதுக்கு? ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைதானே? வாறேல்லை எண்டு எங்கட பிள்ளை இல்லாமப் போயிடுவாளே?"

அந்தக் கூட்டத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அது. அதைச் சொன்னவர் உன்னை வெளியே அனுப்பியவர் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஒருமுறை நான் உண்மையான வயதை எழுதினேன், அதனால் ஒருவன் போனான். இப்போது ஒரு பொய்ப் பெயரை எழுதினால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, ஒரு கோயில்கூடப் பிழைக்கும். கணக்குப் பார்த்தால் எழுதுவதுதான் சரி. என்னால் முடியவில்லை. இல்லாத ஆட்களால் திறந்திருக்கிற கோயிலில் நான் யாருக்கு அறிவித்தல் வாசிப்பது?

நான் செய்யப்போவது இதுதான். வருகிற ஞாயிறு, எட்டு வருடமாக வாசிக்காமல் விட்ட அந்த அறிவித்தலைத் தமிழில் வாசிப்பேன். ஏன் வாசிக்கவில்லை என்றும் சொல்வேன். சொன்ன பிறகு அறிவித்தல் வாசிக்க இன்னொருத்தரைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். உன் அப்பாவிடம், பெயரை எழுதட்டா என்று கேட்டேன். தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இவ்வளவு நாளும் எழுதேல்லையே?" என்றார். எழுதினேன். என் பெயரையும் எழுதினேன். பதின்மூன்று வருடத்தில் இந்த நாட்டில் யாரும் கட்டாயப்படுத்தாமல் நான் நிரப்பிய முதல் படிவம்.

திங்கட்கிழமை ஐரீனைக் குளிப்பாட்டும்போது கோயிலைப் பூட்டப்போகிறார்கள் என்று சொன்னேன். அவளுக்கு இப்போது பெயர்கள் மாறிப்போகின்றன, என்னை வேறு யாராகவோ நினைத்து அழைப்பாள். கால் விரல்களுக்கு இடையில் துடைத்துக்கொண்டிருந்தேன். "அந்தப் பிள்ளை திரும்ப எழுதினாளா?" என்று கேட்டாள். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

அட்டையில் பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஒரு கோடு இருக்கிறது. அதை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீ நம்புகிறாயா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் தகுதியை அந்த மண்டபத்தில் சிரித்த அன்று இழந்துவிட்டேன். கலியாணத்தைக் கோயிலுக்கு மாற்று என்றும் கேட்கவில்லை. மார்க்கை ஒன்றும் கேட்கவில்லை. உனக்குப் பதினாலு வயதில், நீயாக எழுதிய பெயரை, உன்னைக் கேட்காமல் எடுத்துக் கிழித்தேன். இந்த முறை உன்னைக் கேட்காமல் எழுதவும் மாட்டேன், கேட்காமல் விடவும் மாட்டேன். உன் ஆன்சரிங் மெஷினில் இரண்டு முறை சொல்லிவிட்டேன், நீ திரும்ப எடுக்கவில்லை. இல்லை என்றால் இல்லை என்று சொல். அதையாவது உன் வாயால் சொல், அதையும் நான் உனக்காகச் சொல்லும்படி விடாதே. மாதக் கடைசி ஞாயிறு பெட்டியைத் திறக்கிறார்கள். அன்றைக்கு ஒரு மணி பஸ்சில் நான் இந்த அட்டையோடு ஏறவேண்டும்.

உன் பெயரை எழுதவா, விடவா? சொல்.